செங்கோட்டுவேல் வரைந்த அம்புக்குறி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில், எங்கள் பயிலரங்கக் குழுவின் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. பரமத்திப் பக்கம் ஏதோ சாலையோரத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். அதற்குக் கீழே ஒருவர், "இவரு நம்ம முட்டை சார்தானே?" என்று கேட்டிருந்தார். அவர்தான். செங்கோட்டுவேல், வயது ஐம்பத்துமூன்று. நெஞ்சுவலி என்று பிறகு தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் எம்.பி.ஏ. என்றும், அடுத்து அடைப்புக்குறிக்குள் பிஎச்.டி. என்றும் அச்சிட்டிருந்தார்கள். முடிக்காத படிப்பை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் போடுவார்கள். அவர் அந்தப் படிப்பை முடிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இந்தக் குழுவில் அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வரவில்லை.

கோழித்தீவன நிறுவனம் ஒன்றில் இருபது வருடம் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வரை அவர் பைக் நிற்காத பண்ணை குறைவு. நாற்பத்தேழு வயதில் எங்கள் மேலாண்மைத் துறையில் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்தார். வழிகாட்டி நான், அவரைவிட நான்கு வயது இளையவள். முதல் நாள் வந்து நின்றவர், "உங்களுக்கு வயசுல பெரிய மாணவனுங்க நானு. திட்டறதுக்குக் கூச்சப்படாதீங்க மேடம்" என்றார். நான் கூச்சப்படவில்லை.

பண்ணைக்காரர்கள் ஏன் ஒரே நிறுவனத்தின் தீவனத்தைத் தொடர்ந்து வாங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. சந்தை ஆய்வில் இப்படிப்பட்ட கேள்விக்கு நாங்கள் கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி என்ற முறையைக் கையாளுவோம். பெயர்தான் பயமுறுத்தும். நம்பிக்கை, திருப்தி போன்றவற்றை நேராக அளக்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு கேள்விகள் கேட்டு, ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்லி, அந்தப் பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் கொண்டு, உள்ளே அப்படி ஒன்று இருக்கிறது என்று கொள்கிறோம். பிறகு, எது எதை உண்டாக்குகிறது என்று அவற்றுக்கிடையே அம்புக்குறி போடுகிறோம். படத்தில் கேள்விகளைக் கட்டமாகவும், கண்ணுக்குத் தெரியாதவற்றை நீள்வட்டமாகவும் வரைவது மரபு. நான் கரும்பலகையில் வரைந்து முடித்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"அதென்னுங்க மேடம், படம் பூராவும் முட்டையா இருக்குது? இதைப் படிக்கறதுக்கா நாமக்கல்லுல இருந்து பஸ் ஏறி வந்தேன்?"

அடுத்த வாரம் சட்டைப்பையில் ஒரு முட்டையோடு வந்தார். செல்போன் விளக்கைப் போட்டு, அதன்மேல் முட்டையை நிறுத்தி, மெதுவாகத் திருப்பிக் காட்டினார். உள்ளே நிழல்போல் மஞ்சள் கரு அசைந்தது. "உடைச்சுப் பாத்தா முட்டை போச்சுங்க. உடைக்காமப் பாக்கோணும்னா நாலு பக்கமும் திருப்பி வெளிச்சம் காட்டோணும். நீங்க சொல்ற கேள்வின்னா அதானுங்களே?" என்றார். பல வருடங்களாக அந்தப் பாடத்தை நடத்திவந்த எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்லத் தெரிந்ததில்லை. "பரவாயில்லை" என்றேன். அன்று மாலையே என் பாடக்குறிப்பில் அதை எழுதிக்கொண்டேன். யார் சொன்னது என்று எழுதவில்லை.

எங்களுக்குள் தகராறு வந்தது அம்புக்குறியில். நூல்களில் உள்ளபடி, நம்பிக்கையிலிருந்து தொடர்ந்து வாங்குதலுக்கு அம்பு போடச் சொன்னேன். நம்புகிறார்கள், அதனால் வாங்குகிறார்கள். அவர் நேர் எதிராக வரைந்து கொண்டுவந்தார். வாங்குதலிலிருந்து நம்பிக்கைக்கு ஓர் அம்பு. போதாததற்கு, மேலே பெரிதாக இன்னொரு முட்டை. அதற்குள் 'பயம்' என்று எழுதியிருந்தார்.

"தீவனத்தை மாத்துனா கோழி ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்குமுங்க. முட்டை கொறஞ்சு போகும். மறுபடி ஏறுமா ஏறாதான்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்துலதான் அதே மூட்டையை எறக்கறாங்க. நம்பறீங்களான்னு நாம போய்க் கேட்டா, நம்பலைன்னு எப்படிங்க சொல்லுவாரு? அப்பறம் வாங்கிட்டிருக்கற அவருதானே முட்டாளு? அதனால நம்பறேன்னு அஞ்சுக்கு அஞ்சு போட்டுத் தருவாரு."

"இதற்கு ஏதாவது ஆதாரக் கட்டுரை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருவது வருசம் அந்தப் பயத்த வெச்சுத்தானுங்க நானே வித்தேன்" என்றார்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினேன். பயத்துக்காக அவர் தயாரித்த மூன்று கேள்விகளை வினாப்படிவத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாதிரிப் படத்தில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் முந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குப் போய் எல்லாக் கேள்விகளையும் கேட்டுவந்தார்.

அந்த ஆண்டுதான், இந்த முறையைப் புதிதாகக் கற்பவர்களுக்கான எங்கள் முதல் பயிலரங்கு நடந்தது. உங்களில் பலர் அன்று அந்த அரங்கில் இருந்தீர்கள். முதல் அரை மணி நேரத்தில் முட்டையையும் வெளிச்சத்தையும் சொல்லி விளக்கினேன். கைதட்டினீர்கள். பிறகு, எப்படி வரையக் கூடாது என்பதற்கு உதாரணமாக அவருடைய படத்தைத் திரையில் போட்டேன். "குழந்தை பிறந்த பிறகு பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறது இந்த அம்பு" என்றேன். அரங்கமே சிரித்தது. யாரோ ஒருவர், "யாருங்க மேடம் இந்தச் சிற்பி?" என்று கேட்டார். பெயர் எதற்கு என்று நான் சொல்வதற்குள், கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"நானேதானுங்க."

இன்னும் பலமாகச் சிரித்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். 'முட்டை சார்' என்ற பெயர் அன்றைக்குத்தான் வந்தது. தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, "அந்த முட்டை உதாரணம் எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுதுங்க மேடம்" என்றார். குத்திக்காட்டினாரா என்று இன்றும் யோசிக்கிறேன். அவருடைய முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "ஆமாம், அது எப்போதும் புரியும்" என்று பதில் சொன்னேன்.

நூல்களில் உள்ளபடி மாதிரியைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் பதிவை விலக்கிக்கொள்ளும் படிவத்தோடு வந்தார். "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதிப்போடலாமுங்க. தெரிஞ்சதத் தெரியாத மாதிரி எப்படி எழுதறதுன்னு எனக்கு வரலீங்க மேடம்" என்றார். படிவத்தில் வழிகாட்டியின் கருத்து என்று ஓர் இடம் இருந்தது. 'ஆய்வாளருக்குப் புள்ளியியல் அடிப்படை போதாது' என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தப் படிவத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்துபோனார்.

அவர் கணினியில் ஏற்றி என்னிடம் விட்டுச்சென்ற தரவை அதற்குப் பிறகு பயிலரங்கில் பயிற்சிக்காகக் கொடுக்கத் தொடங்கினேன். மூன்றாம் ஆண்டு, ஆத்தூரிலிருந்து வந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், "மேடம், கடைசிப் பக்கத்துல மூணு கேள்வி இருக்கே, அதை ஏன் விட்டுட்டோம்?" என்று கேட்டார். சேர்த்துத்தான் பாருங்களேன் என்றேன். சேர்த்தார். நம்பிக்கையிலிருந்து வாங்குதலுக்குப் போன, அதுவரை தடிமனாக நின்ற என் அம்பு, நூலாய் மெலிந்துபோயிற்று. அதன் பலத்தில் பெரும்பகுதி பயத்திலிருந்து வந்தது. மீதமிருந்த அவருடைய அம்பு, வாங்குதலிலிருந்து நம்பிக்கைக்குப் போவது, அது சரியா என்று கணினியால் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் பெரும்பாலும் அதே எண்களைத்தான் அது காட்டும். எது முன்னால், எது பின்னால் என்பதைப் பண்ணைக்குப் போனவர்தான் சொல்ல வேண்டும். போனவர் சொல்லியிருந்தார். நான் ஆதாரக் கட்டுரை கேட்டேன்.

"இது வெறும் பயிற்சித் தரவு, ரொம்ப யோசிக்காதீர்கள்" என்று அந்த விரிவுரையாளரிடம் சொல்லிவிட்டு, எல்லோரையும் தேநீருக்கு அனுப்பினேன்.

அதன் பிறகு அவரை ஒரு முறை பார்த்தேன், நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில். பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சௌக்கியமுங்களா மேடம்? பயிலரங்கு எல்லாம் நல்லாப் போகுதுங்களா? ஒருநா ஊட்டுக்கு வாங்க" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க கைடுங்க. பெரிய படிப்பாளி" என்று அறிமுகப்படுத்தினார். உங்கள் படம்தான் சரி என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நன்றாகப் போகிறது என்றேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

செய்தி வந்த அன்றே அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி சரஸ்வதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றிலும் உறவினர்கள். "கணக்கு எனக்கு வரலைன்னு மேடம் எழுதிட்டாங்க, அவங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவாருங்க. உங்க மேல ஒரு வார்த்த கொற சொன்னதில்லீங்க" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கம் அன்று எனக்கு வசதியாக இருந்தது.

காரியம் முடிந்த பிறகு மறுபடி போனேன். அதற்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் விசாரித்திருந்தேன். படிவத்தில் நான் எழுதிய கருத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டதற்கு, "முடிஞ்ச ஃபைலுங்க மேடம், அதுல இனி யாரும் கை வைக்க முடியாது" என்றார்கள். சரஸ்வதியிடமும், கல்லூரியில் படிக்கும் மகளிடமும் நடந்ததைச் சொன்னேன். சரஸ்வதி, "அவரு இருக்கறப்ப ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே. அரை நிமிசம் ஆகுமுங்களா?" என்றார்.

மகள்தான் கேட்டாள். "நாங்கூட அப்பாவ, கணக்குல ஃபெயிலுன்னு கேலி பண்ணுவனுங்க மேடம். அவரும் ஆமா சாமி, ஆமா சாமின்னு சிரிப்பாரு. அப்பறம் ஏனுங்க அப்படி எழுதுனீங்க?"

"எனக்குத் தெரியாததை அவருக்குத் தெரியாது என்று எழுதிவிட்டேன்" என்றேன். அவள் தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த முறை சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். யாரும் வாசல்வரை வரவில்லை. வரவும் வேண்டியதில்லை.

பதிவேட்டில் முடியாததை உங்கள் முன்னால் செய்கிறேன். அன்று நாம் சிரித்த படம் சரியான படம். அதை வரைந்தவர் செங்கோட்டுவேல். முட்டையையும் வெளிச்சத்தையும் சொன்னவரும் அவரே.

அவருடைய வினாப்படிவக் கட்டுகளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவை அந்த வீட்டிலேயே இருக்கின்றன. அவர் கைப்பட எழுதியதாக என்னிடம் இருப்பது அந்த விலகல் படிவத்தின் நகல் ஒன்றுதான். என் கருத்துக்குக் கீழே ஆய்வாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தில், சின்னச் சின்ன எழுத்தில், 'படித்துப் பார்த்தேன், சரி' என்று எழுதியிருக்கிறார். அந்தச் 'சரி' எனக்கு உரியதல்ல என்று தெரிந்தே வைத்திருக்கிறேன்.