அண்ணி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

எங்கள் அண்ணியைப் பார்த்து யாராவது "பாவம், வாயில்லாப் பூச்சி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். பூச்சி என்று யார் சொன்னது? மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவருடைய வேலை. அங்கே பேச ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் எங்கள் அம்மா பேசுவாள், அண்ணன் பேசுவான், மிச்சமிருக்கும் இடத்தை நான் பேசி நிரப்பிவிடுவேன். அப்புறம் அண்ணி எங்கிருந்து வாயைத் திறப்பது?

அவர் வாயைத் திறக்கிற இடம் ஒன்று இருந்தது என்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியாது. கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் மாடியில் ஒரு கேமிங் சென்டர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிப் படியேறியவர், சும்மா நிற்பானேன் என்று ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அப்படித்தான் ஆரம்பம். நாலு பேர் ஓர் அணி, எதிரே நாலு பேர். ஒரு கோட்டை, அதற்கு ஒரு வாசல். மூன்று பேர் வெளியே போய்ச் சண்டை போடுவார்கள், ஒருவர் நின்று வாசலைக் காக்க வேண்டும். அண்ணிதான் வாசல். முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து விளையாடி, ஊர் அளவிலான போட்டியில் சுற்று சுற்றாக ஜெயித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அதையும் ஜெயித்தால் பெரிய லீக்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது சென்டரை மூடியபோதுதான். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். அன்று அண்ணி சமையலறையில் என்னிடம் போனை நீட்டினார். அவருடைய அணியின் கேப்டன், கல்லூரியில் படிக்கிற பெண், பேசி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆட்டம். மத்தியானத்துக்குள்ள உங்க வீட்டுல சிஸ்டம் ரெடின்னு சொல்லணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும். அப்புறம் சீசன் முழுக்க அவங்கதான், மாத்த விடமாட்டாங்க. எனக்கு மனசே இல்லக்கா. ஆனா ரூல் அப்படி."

"விடுங்க அண்ணி, ஒரு விளையாட்டுதானே" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்துல ஒரு ஆட்டத்துக்குக்கூட என்னைச் சேர்த்துக்கிட்டதில்ல. எல்லாரும் ஓடி விளையாடுவாங்க, நான் அவங்க செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்பேன். இங்க என்னை நம்பி மூணு பேர் வாசலை விட்டுட்டுப் போறாங்க."

அந்தக் கணத்திலிருந்து நான் அண்ணி கட்சி.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னோம். என் அண்ணன் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஷோரூமில் விற்பனையாளன். கெட்டவன் இல்லை, வாரண்டி கார்டைக் கும்பிடுகிறவன், அவ்வளவுதான். மனைவி கேம் விளையாடுகிறாள் என்பதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டான். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்தப் போகிறேன் என்று அவர் சொன்னதும்தான் குதித்தான்.

"நான் ஃபிரிட்ஜ் விக்கிறவன். யாராவது கம்ப்ரஸரைத் தனியா, கதவைத் தனியா வாங்கிட்டுப் போய் வீட்டுல சேத்து வைக்கிறாங்களா? ரெடிமேடா ஒண்ணு வாங்கு. பிளக்கைச் சொருகு, விளையாடு. கெட்டுப்போனா கடைக்காரன் தலையில கட்டு."

நியாயமான பேச்சுதான். தலைவலி வேண்டாம் என்கிறவர்களுக்கு அதுதான் சரியான வழி என்று இன்றைக்கும் சொல்வேன். அண்ணியும் மறுக்கவில்லை. "சரிங்க, பாத்துட்டு வருவோம்" என்று எங்களோடு கடைக்கு வந்தார்.

ஆஹா, அந்தக் கடையில் வைத்திருந்த பெட்டியைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே காற்றாடி காற்றாடியாக ஏழு நிறத்தில் விளக்கு. பொய் சொல்வானேன், நானே மயங்கிவிட்டேன். அண்ணன் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றான். அண்ணி மட்டும் குனிந்து, பெட்டியின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"இதுல படத்தை ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசாச்சே" என்றார்.

"எல்லா கேமும் ஓடும் மேடம்."

"ஓடும். எங்க ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். எதிராளி வாசலுக்கு வந்தப்புறம்தான் எனக்குத் திரையில தெரிவான்."

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னார்: "விளக்குக்குக் கொடுக்கிற காசை கார்டுக்குக் கொடுத்தா நம்ம பணத்துக்கு நல்லாவே ஓடும். சென்டர்க்காரர் அங்க இருக்கிற சாமானையெல்லாம் விக்கிறாரு. நான் தினமும் உட்கார்ற கம்ப்யூட்டர்ல இருக்கிற கார்டும் திரையும் அவர்கிட்டயே வாங்கிக்கிறேன். மத்தது மட்டும் புதுசு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அண்ணி இவ்வளவு நீளமாகப் பேசி அண்ணன் கேட்டதில்லை. கொஞ்சம் அசந்துதான் போனான். ஆனாலும் விடவில்லை.

"சரி, பண்ணு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான். ஓடலைன்னா நான் நேரா வந்து இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் அண்ணி எல்லாவற்றையும் பரப்பினார். கறுப்பாக ஒரு தகரப் பெட்டி, விளக்கு கிளக்கு எதுவும் கிடையாது. கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு ஸ்க்ரூடிரைவர்கள். வேடிக்கை பார்க்க அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அம்மாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் புதுப் பொருள் எதன்மேலும் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் வாங்கி எத்தனையோ வருடமாகிறது, கதவில் தாள் அப்படியே இருக்கிறது. டிவி ரிமோட் உறையோடுதான் இருக்கும், பட்டனை உறைக்கு மேலேயேதான் அமுக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் சரக்சரக்கென்று சத்தம் வரும், விருந்தாளிகள் நெளிவார்கள். கேட்டால், "கீறல் விழுந்துட்டா நீயா வாங்கித் தருவே?" என்பாள். கடையில் கஸ்டமருக்கு முன்னால் சர்ரென்று தாளை உரித்துக் காட்டுகிற அண்ணன்கூட வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

அண்ணி மதர்போர்டில் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை வைத்தார். மெமரியை இரண்டு பக்கமும் அழுத்தி உட்கார வைத்தார். அடுத்தது கூலர். பிராசஸர் சூடாகிவிடாமல், சூட்டை உறிஞ்சி மேலே அனுப்புகிற உலோகக் கட்டி, அதன்மேல் ஒரு காற்றாடி. அதன் அடியில் ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை உரித்து மேசையில் வைத்தபோது வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், வண்டியை எடுக்க வழி வேண்டுமாம். அண்ணி போய் ஸ்கூட்டரை நகர்த்திவிட்டு வந்தார். நான் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் பிராசஸரின்மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் துளி வைத்து, கூலரை இறக்கி, நாலு மூலையிலும் திருகினார்.

எல்லாம் பொருத்தி முடித்துப் பட்டனை அழுத்தினால், திரை பளிச்சென்று எரிந்தது! நான் போட்ட கூச்சலில் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். அண்ணன்கூட "பரவாயில்லையே" என்றான். அண்ணி கேமை ஏற்றினார். கோட்டை வந்தது, வாசல் வந்தது. சட்டென்று எல்லாம் இருண்டது.

மறுபடி போட்டார். வந்தது, போனது. மூன்றாம் முறை கோட்டைகூட வரவில்லை.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா?" என்று அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தான். "இன்னும் கேப்டனுக்குச் சொல்ற நேரம் தாண்டல. நான் போய் அதைத் தூக்கிட்டு வரேன். நீ அழாதே." அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் அவன் படியிறங்கிய சத்தம் கேட்டதும் அண்ணி ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட ஆரம்பித்துவிட்டார். "அந்தப் பெட்டியில உட்கார்ந்தா டீம்ல இருக்கலாம், வாசலைக் காக்க முடியாது. என்னாலதான் தோத்தாங்கன்னு ஆயிடும். அதுக்கு இடத்தை விட்டுக் கொடுத்துடலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "விட்டுக் கொடுக்கிறதா? இவ்வளவு பண்ணிட்டு? பேசாம திறந்து பாருங்க அண்ணி!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். பெரியவர்களை அதட்டக் கூடாதுதான். அன்றைக்கு வேறு வழியில்லை.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். மறுபடி உயிர்கொடுத்து, கேமுக்குள் போகாமல் பிராசஸரின் சூட்டைக் காட்டுகிற பக்கத்தைத் திறந்தார். எண் மளமளவென்று ஏறியது. கூலரின் உலோகத்தைத் தொட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து வைத்தார். சில்லென்று இருந்தது.

"அடுப்பு எரியுது, பாத்திரம் சுடல. நடுவுல என்னமோ இருக்கு."

அணைத்துவிட்டு நாலு திருகாணியையும் கழற்றிக் கூலரைத் தூக்கினார். அடியில் பேஸ்ட் அப்பிய ஒரு தாள். சுத்தமாக, ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது.

"இதை நான் உரிச்சேனே!" என்றார் அண்ணி.

"உரிச்சீங்க அண்ணி, நான் பார்த்தேன்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா!"

"அந்த அடிப்பக்கம் பளபளன்னு இருந்துச்சுடி. நீ கழட்டி வச்சிட்டுப் போயிட்டியேம்மா, கீறல் விழுமேன்னு..." அம்மா முந்தானையைச் சுருட்டினாள். "நான்தான் திரும்ப ஒட்டினேன்."

நான் என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் அண்ணி? தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அத்தை, ஒரு குமிழிகூட இல்லாம ஒட்டியிருக்கீங்க! எங்க கடையில உங்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு அண்ணன் நினைவு வந்தது. ஐயோ! போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கடைசியில் எடுத்து, "என்ன, பில் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றான். நான் பேசுவதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய், வாங்காதே! தப்பு என்னோடது."

எங்கள் அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அந்தப் பக்கம் அண்ணனும் கேட்டதில்லை போலிருக்கிறது. மறுபேச்சுப் பேசாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

அதற்குள் அண்ணி பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, கூலரை இறக்கித் திருகிவிட்டிருந்தார். பட்டனை அழுத்தினார். கோட்டை வந்தது, வாசல் வந்தது, நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறவரை அங்கேயே நின்றது. கூலரின்மேல் கை வைத்தால் இளஞ்சூடு. அண்ணி போனை எடுத்து, "கேப்டன், சிஸ்டம் ரெடி" என்றார். அந்தக் குரலில் இருந்த மிடுக்கைக் கேட்டு அண்ணன் என்னைப் பார்த்தான்.

சாயங்காலம் ஆட்டம். எங்களுக்கும் கேட்கட்டும் என்று அண்ணி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். அம்மா, அண்ணன், நான் மூவரும் பின்னால் வரிசையாக நின்றோம். ஆரம்பித்ததும் அண்ணியிடமிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்! "கேப்டன், இடது பக்கம் ரெண்டு பேர்! பின்னால வா, பின்னால வா! அவனை விட்டுடு, நான் பாத்துக்கிறேன்!" தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"இவளுக்கு இவ்வளவு குரலா?" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா, வாசலைப் பாரு" என்றான் அண்ணன். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த பிடியில் அது உடையாமல் இருந்ததே அதிசயம்.

அணியில் இருவர் விழுந்தார்கள். பிறகு கேப்டனும் விழுந்தாள். எதிரணியில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், இந்தப் பக்கம் வாசலில் அண்ணி மட்டும். திரையில் ஒரு நிழல் அசைந்ததோ இல்லையோ, அண்ணியின் விரல் முந்திக்கொண்டது. ஒருவன் சாய்ந்தான். மற்றவன் சுவரோரமாகப் பதுங்கி வந்து பாய்ந்தான். அண்ணி விலகவில்லை. கதவோடு கதவாக நின்று, அவன் கத்தி இறங்குவதற்கு முன்னால் அவனைச் சாய்த்தார். நேரம் முடிந்ததாக மணி ஒலித்தது. வாசல் மூடியே இருந்தது.

அண்ணன் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அவரையும் கட்டிப்பிடித்து, "என் பொண்டாட்டி ஜெயிச்சிட்டா சார்! அவளே பண்ணின கம்ப்யூட்டர் சார்!" என்று குதித்தான். அம்மா அண்ணியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். நான் அழுதேன். என்ன இப்போது, அழக் கூடாதா?

ஸ்பீக்கரில் மூன்று குரல்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கத்தின. கொஞ்சம் அடங்கியதும் கேப்டன் சொன்னாள்: "அக்கா, பெரிய லீக்ல நம்ம முதல் ஆட்டம் புதன்கிழமை. உங்களுக்குக் கடை எத்தனை மணிக்கு முடியும்?"

"ஏழாயிடும்மா. நீங்க ஆரம்பிச்சிடுங்க, நான் எப்படியாவது வந்து சேந்துக்கிறேன்" என்றார் அண்ணி, பழைய பழக்கத்தில்.

"என்னக்கா பேசுறீங்க? நீங்க இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது? எட்டு மணின்னு சொல்லிட்டேன். நாங்க மூணு பேரும் உங்களுக்காக உட்கார்ந்திருப்போம்."