ஈரக் காலோடு இருக்கன்குடிக்கு

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து புறப்பட்டோம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடைப் பயணம். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து சிவகாசி, சாத்தூர் வழியாகப் போனால் மொத்தம் ஏறக்குறைய அறுபது. நடக்க நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணிக்குப் புறப்படாதீர்கள். வீட்டில் பூசை, தெருவில் பூசை, சொந்தக்காரர் ஒவ்வொருவர் கையாலும் திருநீறு என்று நாங்கள் நேரத்தை விட்டோம். நாலு மணிக்கே கிளம்பியிருந்தால் தார் ரோடு சுடுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கலாம்.

நேர்த்தி என் மனைவி செல்லத்தாயுடையது. போன வருஷம் அவளுக்கு வலது கண்ணில் பூ விழுந்தது. பார்வை வரும் என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது, கண்ணைக் கொடுத்தால் செருப்பில்லாமல், வண்டி ஏறாமல் உன் வாசலுக்கு வருகிறேன் என்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டாள். கண் கிடைத்தது. நான் துணைக்குத்தான் போனேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் எனக்கு வேலை. காலுக்கு உதவும் என்று ஒரு சுருள் துணியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இடது பக்கம் மலை கூடவே வந்தது. உச்சியில் மேகம். அதைப் பார்த்து நடந்தால் வெயில் தெரியாது என்று செல்லத்தாய் சொன்னாள். ஊருக்கு ஊர் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் குடத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். நடந்து போகிறவர் காலில் ஊற்றித் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் நடக்கிறவர்தான் அவர்களுக்கு ஆத்தாள். ஓரிடத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் இறங்கினார். கழுத்தில் தங்கச் சங்கிலி, வெள்ளை வேட்டி. தறிக்காரன் பெண்டாட்டி காலில் தண்ணீர் ஊற்றி, தார் ரோட்டில் மண்டியிட்டார். இதை எப்படி வேண்டாம் என்று சொல்வது? ஒருவரையும் விடாமல் அம்புட்டுப் பேரிடமும் கால் நனைத்தோம்.

அதுதான் நாங்கள் செய்த தவறு. ஊறிய காலோடு சுடுகிற தாரில் நடந்தால் தோல் தாங்காது. பாதி வழியில் செல்லத்தாய்க்கு உள்ளங்கால் எரிந்தது. நான் ஈரத்தைக்கூடத் துடைக்காமல் பேண்டேஜ் துணியை இறுக்கிச் சுற்றினேன். அடுத்த குடத்தில் அதுவும் நனைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார் வளாகம் வந்தபோது மணி இரண்டு. வைத்தியநாதர் கோபுரத்துக்கு எதிரில் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

கூட வந்த அவள் தம்பிக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "மச்சான் நெய்யுற துணியில ஊரு ஆஸ்பத்திரியெல்லாம் ஓடுது. எங்கக்கா காலு மட்டும் ஓட மாட்டேங்குது."

நான் ஆட்டோவைக் கைகாட்டினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எண்பது ரூபாய் என்றார் டிரைவர். வீட்டுக்குப் போய்விடலாம், அடுத்த ஆடிக்குப் பார்ப்போம் என்றேன். செல்லத்தாய் ஆட்டோவைப் பார்க்கவே இல்லை.

"ஏறுனா, கொடுத்த கண்ணைத் திருப்பிக் கேட்டுருவா" என்றாள்.

ஆட்டோ போய்விட்டது. எதிர்ச் சாரியில் ஒரு சின்னப் பந்தல். அங்கே குடம் இல்லை. மேசை நிறைய உலர்ந்த துண்டுகள். அருள்மேரி என்ற அம்மாள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆடி தோறும் இப்படி உட்காருகிறாராம். நானும் மைத்துனனும் கைத்தாங்கலாக அவளை அங்கே கொண்டுபோனோம்.

கட்டை அவிழ்த்ததும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "யாரு கட்டுனது இது?" நான் மலையைப் பார்த்தேன். "ஈரத்து மேல துணி சுத்துனா தோலு வெந்துதான் போகும். செத்த நேரம் காலை நீட்டு, தாயி."

வயதில் மூத்தவர் காலைத் தொடுகிறாரே என்று செல்லத்தாய் இழுத்துக்கொண்டாள். "அக்கா, வேண்டாங்க்கா."

"பெரிய வியாழனுக்கு சர்ச்சுல எங்க சாமியாரே குனிஞ்சு ஊராளுக காலைக் கழுவுதாரு. நான் தொடச்சா என்ன?"

விரல் இடுக்கு விடாமல் ஒற்றி எடுத்தார். கொப்புளத் தோலை உரிக்கக் கூடாது, காற்றாட விட்டு உலர்ந்த பிறகுதான் மெல்லிசாகத் துணி சுற்றலாம், வெயில் ஏறுமுன் மண் ஓரமாக நட என்று சொன்னார். அன்னதானப் பந்தல்களில் கிடைக்கிறதையெல்லாம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார். அதுவும் சரிதான்.

"அது இருக்கட்டுங்க்கா. ஊத்துறவுகள வேண்டாம்னு எப்படிச் சொல்ல? ஆத்தாளுக்குல்ல ஊத்துறாக?"

அருள்மேரி அம்மாள் நனைந்த துண்டைக் கொடியில் போட்டார். "அதை நீ ஒங்க ஆத்தாகிட்டதான் கேக்கணும்."

அன்று வைத்தியநாதர் கோயிலிலேயே தங்கினோம். தாய் வந்து சேர முடியாத பிரசவத்துக்குத் தாயாகவே வந்து நின்றவர் அந்த வைத்தியநாதர். அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நம்பினேன் என்று சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை விடியுமுன் கிளம்பும்போது துணிச் சுருளில் எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். ஆண்டாள் கோபுரம் இருட்டில் மலை போல நின்றது. மல்லி என்ற ஊரில் முதல் குடம் எதிரே வந்தது. நான் என்ன சொல்வது என்று தயங்கி நிற்கையில், செல்லத்தாய் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினாள். "இதுல ஊத்துங்க, தாயி." ஊற்ற வந்த பெண்ணும் மறு பேச்சில்லாமல் ஊற்றினாள். அந்தத் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காய்ந்த காலோடு நடந்தாள். இருக்கன்குடி வரைக்கும் எல்லாக் குடத்துக்கும் அப்படியே.

வெள்ளிக்கிழமை மதியம் சன்னதியில் நெரிசல். தீபாராதனைக்கு எல்லோரும் கண்ணை மூடினோம். நான் திறந்து பார்க்கிறேன், செல்லத்தாய் மூடவே இல்லை. ஆத்தாளை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தொண்ணூறு ரூபாய்க்குக் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு டவுன் பஸ் மாறினோம். எனக்கும் மைத்துனனுக்கும்தான் டிக்கெட், அவளுக்கு இலவசம். நடந்துபோன ரோடு ஜன்னலில் ஓடியது. எந்த இடத்தில் கால் எரிந்தது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் அருள்மேரி அம்மாள் பந்தலை எங்கே பிடிப்பது என்று நான் விட்டுவிட்டேன். வலது பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் தோளைத் தொட்டாள்.

"அங்கன பாருங்க. கொடியில துண்டு காயுது. கடைசியில ஒங்க துணியும்."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது. அவள் பார்த்துவிட்டாள்.