கொக்கு மார்க்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. நான் பெற்றது நான்கு. நாத்தனார் பிள்ளையையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. எழுத்துதான் வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

போன மாதம் பேத்தி என்னைக் கடலூருக்கு அழைத்துப் போய் டச் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. அதன் முதுகில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது.

“இது ரேடியோ கம்பெனி ஆச்சே தம்பி?”

“ஆமா ஆயா, மொதல்ல ரேடியோதான். அப்புறம் பட்டன் போன் போட்டாங்க. அதுவும் ஓடாம மூடிட்டாங்க. இப்ப வேற ஒருத்தரு அந்தப் பேரயும் கொக்கையும் மட்டும் வாங்கி ஒட்டிக்கிறாரு. உள்ள இருக்கிறதெல்லாம் எங்கியோ செஞ்சது” என்றான் கடைக்காரப் பையன். சொல்வதில் அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

எனக்கு ஒன்பது வயதில் என் தம்பிக்குக் காதுகுத்து, சிதம்பரத்தில் அப்பா வீட்டில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சீரும் அவர்தான் கொண்டுவர வேண்டும். மாமாவோ கடலூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடி. அப்பாவின் அண்ணியான பெரியம்மா ஒரு வாரமாக அம்மாவை இடித்துக்கொண்டே இருந்தார். “ஒன் தம்பி நேர்ல வருவாரா, இல்ல சீர தபால்ல போட்டுடுவாரா?” அம்மா அம்மியை விட்டுத் தலை நிமிரவில்லை.

மாமா வந்தார். கையில் சின்னத் தாம்பாளம்; அதில் தேங்காய், வாழைப்பழம், தம்பிக்கு ஒரு சட்டை. தோளில் கொக்கு பொறித்த தோலுறை போட்ட டிரான்சிஸ்டர். தெருவே கூடிவிட்டது. பெரியம்மாவே நாற்காலி எடுத்துப் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பாட வைங்க மச்சான்” என்றார் சித்தப்பா.

“பேட்ரி தீந்துபோச்சி மச்சான். ஊருக்குப் போயிதான் போடணும்.”

அதோடு விட்டிருக்கலாம். காது குத்தி முடிவதற்குள் சித்தப்பா சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய்ப் பேட்டரி வாங்கி வந்துவிட்டார். மாமா உறையை அணைத்துப் பிடித்தார். சித்தப்பா விளையாட்டாகப் பிடுங்கித் திறந்தார். உள்ளே ஒரு மரக்கட்டை, ஆடாமலிருக்கக் கந்தல் துணி சுற்றி.

“வெறகு பாடுதானு கேளுங்கடி!” என்றார் பெரியம்மா. வீடே சிரித்தது. மாமாவும் சிரித்தார். சிரிக்காதவர் அம்மா ஒருவர்தான். ஒன்றுமே நடக்காதது போல முதல் இலையை மாமாவுக்குப் போட்டு, சோற்றைக் குவித்து வைத்தார். எனக்கு அம்மா மீதும் கோபம் வந்தது.

சாயங்காலம் மாமாவோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்வரச் சொன்னார்கள். கட்டையோடு உறை அவர் தோளிலேயே தொங்கியது. தெருவில் என்னோடு விளையாடும் பெண்கள் நின்றார்கள். நான் அவருக்குச் சம்பந்தமில்லாதவள் போலப் பின்தங்கியே நடந்தேன்.

“ஏம்மா பின்னாடியே வர?”

“செருப்பு கடிக்குது மாமா.”

என் காலில் செருப்பே இல்லை. மாமா குனிந்து பார்த்தார். “மெதுவா வா. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு” என்றார்.

வீண் ஜம்பத்துக்குக் கட்டையைச் சுமந்து வந்து எங்கள் மானத்தை வாங்கிவிட்டார் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் மாமாவின் கட்டையைச் சொல்லித்தான் சிரித்தார்கள். தாம்பாளம் சின்னது, சீர் போதாது என்று அம்மாவை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அது அப்போது எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் இந்தக் கொக்கு போனில்தான் வாயால் சொல்கிறேன்; அதுவே எழுதிக்கொள்கிறது. வாசித்துக் காட்டப் பேத்தி இருக்கிறாள்.

பாப்பா, இங்க வா. செருப்பு கடிக்குதுன்னு சொன்னேனே, அந்த எடத்த வாசிச்சுக் காட்டு. உடாம எழுதியிருக்கானு பாக்கணும்.