பிலால் வளைவின் மஞ்சள் விளக்கு

மிளகை உள்ளங்கையில் அள்ளி ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். மெஷினை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற ஆள் பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒருவர்தான். அவர் சேக் மைதீன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கொல்லிமலைமேல் ஆலத்தூர் நாட்டிலிருந்து தலைச்சுமையாகப் பலாப்பழம் இறக்கிய மனிதர், இன்றைக்கு அதே ஊர்களுக்குச் சொந்த வண்டியில் சாமான் ஏற்றுகிறார் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. இதை அவர் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சொன்னால் என்ன, பொய்யா சொல்கிறார்?

பேய், காற்று, கருப்பு என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. மலைப்பாதையில் ஒற்றை ஆளாக நடந்த காலத்திலும் அவர் எதிரே எதுவும் வந்ததில்லை. வந்திருந்தாலும் அதுதான் ஒதுங்கியிருக்கும் என்பார். அப்பேர்ப்பட்டவரை ஒரு மஞ்சள் விளக்கு பிடித்து உட்கார வைத்துவிட்டது.

கொல்லிமலைப் பாதையில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஆபீசிலும் எழுதி வைத்ததல்ல. ஏறுகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். லோடோடு ஏறுகிறவன் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. சேக் மைதீனின் மூத்த மகன் பிலால் சிமெண்ட் லோடோடு ஏறிக்கொண்டிருந்த அன்று, மேகம் ரோட்டில் இறங்கிக் கிடந்தது. எதிரே இறங்கியவனுக்குக் கீழே ஆள் வருவது தெரியவில்லை. பிலாலும் பகலில் லைட் போடுகிற ஆளில்லை. பேட்டரி கெட்டுப்போகும் என்பான், அதற்காக அத்தாவிடம் வாங்காத ஏச்சில்லை. பிலால்தான் ஒதுங்கினான். ஒதுங்க இடமில்லாத பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினான். அதிலிருந்து டிரைவர்கள் அந்த இடத்தைப் பிலால் வளைவு என்கிறார்கள்.

இளையவள் நௌஷீன் பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அம்மா அலிமா பீவியைத் தனியே விட முடியவில்லை. வந்தவள் சும்மா இருக்கவில்லை. வளைவுக்குக் கீழே தாருக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள். வண்டி அதன்மேல் ஏறினால், வளைவுக்கு மேலே இறங்குகிறவன் கண்ணில் படும்படி மஞ்சள் விளக்கு எரியும். நடுவே இரும்புப் பெட்டியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். மழை எவ்வளவு, மேகம் எவ்வளவு என்று கீழே செய்தி அனுப்புவதும் அதன் வேலைதான். பெட்டியைச் செய்தது மகள் என்றாலும், அதை அங்கே வைக்க ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி அனுமதி வாங்கியவர் சேக் மைதீன். வேறு ஒருவனால் ஆகியிருக்காது. பெட்டிச் சாவி அவர் இடுப்பு பெல்ட்டில்தான் தொங்கும்.

அந்தப் பெட்டியில் இருந்த சிப்பைச் செய்வதைக் கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த புது சிப்பைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்து வைப்பதுதான் நௌஷீனுக்கு ஆபீசில் கொடுத்த வேலை. டீக்கடையில் இதை விளக்கும் பொறுப்பைச் சேக் மைதீன் எடுத்துக்கொண்டார். சிப்பு என்பது வண்டி. கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் டிரைவர். புது வண்டி வந்தால் டிரைவருக்குக் கியர் எங்கே, பிரேக் எங்கே என்று தெரியாது. சிப்பின் எந்தக் காலில் எந்த வயர், ஞாபகம் எங்கே ஆரம்பிக்கிறது, உள்ளே கடிகாரம் என்ன வேகத்தில் துடிக்கிறது எல்லாவற்றையும் ஒருத்தர் உட்கார்ந்து எழுதிச் சொல்லித்தர வேண்டும். அந்த ஒருத்தர் தன் மகள் என்று முடிப்பார். கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும். சேக் மைதீன் சொன்னால் புரியாமல் போகுமா?

புது சிப்பு வாயைத் திறக்கவே பல வாரம் ஆயிற்று. கறுத்த திரையைப் பார்த்தபடி மகள் உட்கார்ந்திருப்பாள். மய்யத்து விழுந்த வீடு போல இருக்கிறது என்று அலிமா பீவி முணுமுணுப்பாள். ஒரு நாள் மதியம் லுகர் தொழுகைக்குச் சேக் மைதீன் கிளம்பும் நேரம், திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின. நௌஷீன் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அத்தா, பேசிருச்சுங்க."

அவள் எழுதியது கெர்னலைப் பராமரிக்கிறவர்களுக்குப் போனது. ஏதேதோ தேசத்துக்காரர்கள். வரிக்கு வரி கேள்வி கேட்டார்கள், வரிக்கு வரி பதில் சொன்னாள், கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். சந்தையே அன்றைக்குச் சேக் மைதீன் வாயால் அந்தச் சேதியைக் கேட்டது. புது சிப்பு வைத்த முதல் பெட்டி எந்த வளைவுக்கு என்ற பேச்சுக்கே அவர் இடம் வைக்கவில்லை. பிலால் வளைவுக்குத்தான்.

கோடையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐப்பசியில் மேகம் இறங்கியதும் டிரைவர் செங்கோடன் வந்து நின்றான். சேக் மைதீனின் வண்டியை இப்போது ஓட்டுகிறவன், பிலாலோடு ஒன்றாகத் திரிந்தவன்.

விளக்கு எரிகிறதாம். நின்று வழி விட்டால் எதுவும் ஏறி வருவதில்லையாம். வெயிலில் அப்படி இல்லை, மேகம் மூடினால் மட்டும்தான். மற்ற வண்டிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். இப்போதெல்லாம் நின்று, ஒரு சின்ன ஹாரன் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் இறங்குகிறார்களாம்.

"எதுக்குடா ஹாரன்?" என்றார் சேக் மைதீன்.

செங்கோடன் தரையைப் பார்த்தான். "பிலாலு ஏறீட்டிருக்கானுங்க பாய். வழி உடோணுமில்லீங்க."

அவர் அவனைத் திட்டித் தீர்த்தார். அடுத்த நாளே மிளகு பார்க்கப் போவதாகச் சொல்லி மலையேறி, வளைவுக்கு மேலே தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். பிற்பகலில் பள்ளத்திலிருந்து மேகம் எழுந்து வந்து ரோட்டை மூடியது. விளக்கு எரிந்தது.

சேக் மைதீன் காதைக் கொடுத்தார். பிலால் முதல் கியருக்கு எப்போதும் தாமதமாகத்தான் மாறுவான். வண்டி முனகி, இனி முடியாது என்கிறபோதுதான் மாற்றுவான். அந்த முனகலுக்காக அவர் காத்திருந்தார். ஒரு லோடு வண்டி வளைவுக்கு ஏறி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எரிந்துவிட்டு விளக்கு அணைந்தது. ரோட்டில் ஒன்றுமில்லை. ஈரத்தாரின் வாசனை மட்டும் இருந்தது. உடம்பு முழுவதும் புல்லரித்திருந்தது. குளிர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு மேகம் இறங்கிய நாளிலெல்லாம் அவருக்கு மலையில் மிளகு இருந்தது.

நௌஷீன் சும்மா விடுகிறவளா? வீட்டில் இன்னொரு பலகையை எடுத்து, நீளமான வயரை ஈரத்துணியில் சுற்றிப் பார்த்தாள். மேசைமேல் விளக்கு எரிந்தது. அத்தாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். புது சிப்புக்கு எழுத உட்காருகிற யாரும் முதலிலிருந்து எழுத மாட்டார்கள். அதே குடும்பத்தில் முன்னால் வந்த சிப்புக்கு எழுதியதை எடுத்து, மாறின இடத்தை மட்டும் திருத்துவார்கள். பழைய சிப்பில், வயர் கட்டிய காலை உள்ளுக்குள்ளேயே ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும். புதியதில் அப்படிப் பிடிக்கச் சொல்லி நாம் எழுதினால்தான் பிடிக்கும். அவள் எழுதவில்லை. கேள்வி கேட்டவர்கள் கண்ணிலும் அது படவில்லை.

"அண்ணனுக்கு இருந்தது இதுக்கும் இருக்கும்னு நெனச்சுட்டேனுங்கத்தா" என்றாள். "இது புடிமானமில்லாம அந்தரத்துல நிக்குது. வயருல ஈரம் பட்டாலே வண்டி வந்துருச்சுன்னு நெனச்சுக்குது. ஒரு வரிதான். எழுதி அனுப்பீட்டேன். நம்ம பெட்டியிலயும் மாத்தோணும். சாவி குடுங்க."

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மழ முடியட்டும் கண்ணு."

"மழையிலதானுங்கத்தா அது வேணும்."

"பாக்கலாம்னேனல்ல."

நௌஷீன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிற குரலில், "அங்க போயி என்ன பண்றீங்கத்தா?" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாய்க்கு வாய் பேசுகிற மனிதர் வாசல் தாண்டுவதை அலிமா பீவி அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

அடுத்த வாரம் தேவனூர் நாட்டில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு செங்கோடன் இறங்கினான். பக்கத்து சீட்டில் சேக் மைதீன். மேகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிலால் வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. செங்கோடன் நிறுத்தினான், சின்னதாக ஹாரன் கொடுத்தான், கொஞ்சம் பொறுத்தான். சேக் மைதீன் காதைக் கொடுத்தார். கீழே எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. அவருக்கு நன்றாகவே கேட்டது. கேட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. தான் மட்டும் கேட்க வேண்டியது அது என்று நினைத்துவிட்டார்.

"போயிருப்பானுங்க" என்று செங்கோடன் வண்டியை எடுத்தான்.

மேகத்துக்குள்ளிருந்து பஸ் வந்தது. நிஜமான பஸ், ஜன்னலெல்லாம் முகம். செங்கோடன் மலைப்பக்கமாக ஒடித்து வண்டியைப் பாறையில் சாய்த்தான். பக்கக் கண்ணாடி நொறுங்கியது. பஸ் உரசிக்கொண்டு தடுப்புச் சுவரை முட்டி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, மேகம்தான். உள்ளே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. யாருக்கும் அடி இல்லை என்று தெரியும்வரை சேக் மைதீன் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி மகளின் கையில் வைத்தார்.

"புடிமானம் போட்டுரு கண்ணு" என்றார். "நானும் வாரேன்."

மறுநாள் காலை நௌஷீன் பெட்டியைத் திறந்து வயரை மாட்டி, மடிக்கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குமேல் குடை பிடித்தவர் சேக் மைதீன். அந்தக் குடை இல்லாவிட்டால் வேலை நடந்திருக்காது என்று பின்னால் சந்தையில் சொன்னார். வயரில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. கீழேயிருந்து ஒரு பைக் ஏறி வந்தது. எரிந்தது, பைக் தாண்டியதும் அணைந்தது. அவள் சாவியை நீட்டினாள். "நீயே வெச்சுக்க" என்றார்.

மகள் கம்பெனி வேலைக்காக முதலில் இறங்கிப் போய்விட்டாள். அவர் ஆலத்தூர் நாட்டில் நிஜமாகவே மிளகு பார்த்துவிட்டு, பிற்பகலில் செங்கோடனோடு இறங்கினார். மேகம் முழுக்க மூடியிருந்தது. பிலால் வளைவில் விளக்கு கறுத்து நின்றது. ஆனாலும் செங்கோடன் வண்டியை நிறுத்தினான்.

"லைட்டு எரியலியேடா. போ."

செங்கோடன் கியரைத் தொடவில்லை. "அவன் என்னைக்குங்க பாய் பகல்ல லைட்டு போட்டு வந்திருக்கான்?"

சேக் மைதீன் அவனைத் திட்ட வாயெடுத்தார். பிறகு எட்டி, ஸ்டியரிங் நடுவில் கையை வைத்து, தானே ஹாரனை அழுத்தினார். சின்னதாக, ஒரு தடவை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஏதேதோ நகர்ந்தது.

செங்கோடன் கொஞ்சம் பொறுத்துக் கியரில் கை வைத்தான். அவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருடா. லோடு வண்டி. மெதுவாத்தான் வருவான்."