ஒரு துண்டு சீஸ்

மைண்டர்டுக்கு ஊரில் பெரும்பாலும் யாரையும் பிடிக்காது. கண்ணாடிப் படகுகளை அறவே பிடிக்காது. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களில் கண்ணாடிக் கூரை போட்டு நீளமாக ஓடுகிறதே, அதில்தான் இருபத்திரண்டு வருஷம் சுக்கான் பிடித்தான். அங்கே வழிகாட்டி கிடையாது. பதிவு செய்த ஒரு பெண்குரல், அதே பொய்யைப் பத்தொன்பது மொழியில் சொல்லும். பயணிகளுக்குக் கொடுக்கிற சீஸ் தொழிற்சாலைச் சரக்கு. சோப்புக்கட்டியைக் கடித்த மாதிரி இருக்கும்.

"இதத் தின்னுட்டு, ஹாலந்தயே பாத்துட்டோம்னு ஊருக்குப் போய்ப் பீத்திக்குவானுங்க, மடப்பசங்க" என்று வீட்டுக்கு வந்து மனைவி ஹில்லியிடம் திட்டுவான்.

ஐம்பத்தாறு வயதில் அந்த வேலையை உதறிவிட்டு ஒரு பழைய மரப்படகு வாங்கினான். பன்னிரண்டு பேர் உட்காரலாம். அவனே ஓட்டுவான், அவனே கதை சொல்வான், ஹில்லி பரிமாறுவாள். சீஸ் அவன் சித்தப்பா மகன் பண்ணையில் இரண்டு வருஷம் பலகையில் கிடந்து பழுத்தது. அந்த சீஸை மட்டும் எதிரிகூடக் குறை சொல்ல முடியாது. மற்றதையெல்லாம் சொல்லலாம். முதல் வருஷம் முழுக்க, வந்தவர்களிடம் 'அங்கே கால் வைக்காதே, இங்கே சாயாதே' என்று வள்ளென்று விழுந்தான். இரண்டாம் வருஷம் படகு பாதி நாள் கரையிலேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாட்டு ஆண்ட்வெர்ப்பிலிருந்து கோதெலீவ் என்ற அம்மாள் எழுதிக் கேட்டாள். ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து ஊர் ஊராக அழைத்துப் போகிறவள். ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை சனிக்கிழமைதோறும் ஆள் கொண்டுவரத் தயார். ஆனால் முதலில் ஒரு தடவை வந்து பார்ப்பாளாம். மைண்டர்ட் பதில் எழுதினான்: 'எங்கள் படகில் உங்கள் வயிறும் மனசும் நிறையும்.'

"இந்தம்மா வேண்டாம்னுட்டா நீ திரும்பக் கண்ணாடிப் படகுக்குத்தான் போகணும். வாய அடக்கிக்கிட்டு இரு" என்றாள் ஹில்லி.

அடக்கிக்கொண்டுதான் இருந்தான், பாவம். கோதெலீவும் பதினோரு பேரும் வந்து ஏறினார்கள். முதல் பாலம் தாண்டியதும் ஹில்லி குட்டிக் கண்ணாடிக் குவளைகளில் ஜெனிவர் சாராயத்தைத் தளும்பத் தளும்ப ஊற்றினாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, முதல் வாயை உறிஞ்ச வேண்டும்; அதுதான் அந்த ஊர் வழக்கம். பன்னிரண்டு பேரும் குனிந்து உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்கள். கோதெலீவ்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து சீஸ் டப்பா வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு, ஓரத்தில் கொஞ்சம் கடுகு விழுது. வாயில் போட்டதும் படகே கப்சிப். அத்தனை ருசி. சுற்று முடிந்ததும் மைண்டர்ட் டப்பாவை வாங்கி, டப்பென்று மூடி, தன் இருக்கைக்கு அடியில் தள்ளினான்.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் வீட்டில் காபிக்கு ஒரு பிஸ்கட். எடுத்ததும் டின் அலமாரிக்குப் போய்விடும். அவன் அம்மா அப்படித்தான், தெருவே அப்படித்தான். அதைக் கஞ்சத்தனம் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. ஆண்ட்வெர்ப்போ பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பாஷையும் ஒன்றுதான். ஆனால் விருந்தாளி 'போதும், உயிர் போகுது' என்று கெஞ்சுகிற வரை அங்கே தட்டை எடுக்க மாட்டார்கள்.

"கேப்டன், டப்பாவுக்குக் குளிருதா? இப்படிப் போத்திப் படுக்க வச்சிட்டீங்க?" என்றார் லோவி. கசாப்புக்கடை வைத்திருந்தவர், பெரிய தொப்பைக்காரர்.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்தாச்சே."

"ஒண்ணு வந்துச்சு. அதோட சொந்தபந்தமெல்லாம் எப்ப வரும்?"

படகே கொல்லென்று சிரித்தது. ஹில்லி அவன் காதருகே குனிந்தாள். "டப்பாவ எடு. அறுபது துண்டு வெட்டி வச்சிருக்கேன்."

"மிச்சம் நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு யாரு வர்றா?"

யாரும் வரவில்லை என்று அவனுக்கே தெரியும். கையை இருக்கைக்கு அடியில் விட்டான். டப்பா கையில் பட்டது. கை அதற்கு மேல் வரவில்லை. திறந்தால், தான் ஏதோ தப்புச் செய்ததாக ஆகிவிடுமே! தப்பு தின்கிறவர்கள் பேரில்தான் இருக்க வேண்டும் என்று அந்த மகாராஜனுக்குப் பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து பிரசங்கம் செய்தான்.

"நல்ல சீஸ் ஒரு துண்டுதான் திங்கணும். ரெண்டாவது துண்டு நாக்குக்கு இல்ல, வயித்துக்கு. வயித்த ரொப்பணும்னா உங்க ஊர்ல உருளைக்கிழங்கு வறுவல் இருக்கே!"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மீதி நாற்பது நிமிஷமும் மைண்டர்ட் ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷம் சொல்லி, கண்ணாடிப் படகுக்காரர்கள் சொல்லும் பொய்களையெல்லாம் திருத்தினான். பன்னிரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கரையில் இறங்கியதும் கோதெலீவ் அவன் கையைக் குலுக்கினாள்.

"சீஸ் அபாரம்ங்க. எந்தப் பண்ணை?"

மைண்டர்டுக்கு நெஞ்சு விம்மியது. சித்தப்பா மகன் பெயர், ஊர், திரும்ப வேண்டிய முக்கு வரை தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான்.

"ரொம்ப நல்லது. சனிக்கிழமை பஸ்ஸ அங்க ஒரு நடை விட்டு வாங்கிக்கறோம்."

"அப்போ படகு?"

"கால்வாய் பாக்கக் கண்ணாடிப் படகு போதுங்க. அங்க யாரும் எங்களத் திட்ட மாட்டாங்க."

பஸ் போன பிறகு ஹில்லி டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "விலாசத்த மட்டும் தாராளமா எழுதிக் குடுத்த" என்றாள்.

இலையுதிர் காலத்தில் படகை விற்றார்கள். மறு வருஷம் மே மாதம் மைண்டர்ட் கண்ணாடிக் கூரைக்குக் கீழே பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்குரல் தன் பொய்யை ஆரம்பித்தது. பின்னால் ஆண்ட்வெர்ப்காரர்கள் சித்தப்பா மகனின் சீஸை முழுவட்டமாக மடியில் வைத்துக் கட்டி கட்டியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். லோவி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

"எடுத்துக்கோங்க கேப்டன். எண்ண மாட்டோம்."

மைண்டர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த பாலம் வருவதற்குள் ஏழு துண்டு தின்றிருந்தான். சொந்தப் படகில் ஒரு நாள்கூட அவன் அவ்வளவு தின்றதில்லை.