இன்னா என்றால் வாட்ச்

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் புழங்கியது. கதவு சாத்தியிருந்தால் ஒன்று, திறந்திருந்தால் வேறொன்று. அப்பாவுக்குக் கடலோர அணு நிலையத்தில் வேலை கிடைத்து, அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்த ஏற்பாடு. மேல்வீட்டுத் திருநெல்வேலிக்காரர் “ஏல” என்றால் எல்லோருக்கும் இனித்தது. எதிர்வீட்டுக் கோயம்புத்தூர் அம்மா “ஏனுங்க” என்றால் என்ன மரியாதை என்று மெச்சினார்கள். நான் “இன்னா” என்றால் மட்டும் அது ரிக்‌ஷாக்காரன் பாஷை. இத்தனைக்கும் அந்த மண்ணுக்கு நாங்கள்தான் சொந்தக்காரர்கள், அவர்களெல்லாம் ரயிலேறி வந்தவர்கள். வகுப்பில் ஒருத்தி எனக்கு ‘இன்னாமே’ என்று பெயரே வைத்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு அது லேசான அவமானம் இல்லை.

“வெளியில ‘என்ன’ன்னு சொல்லுடி. வூட்டுக்குள்ள எப்பிடி வேணா பேசிக்கோ” என்று அம்மா சட்டம் போட்டாள்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அந்தச் சட்டத்துக்கு அடங்காதவர். அடங்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, வெளியே போனால்தானே? ஒருகாலத்தில் திருவிழாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மேஜிக் செய்தவர். இருபத்தாறு வயதில் கண் நரம்பு பழுதாகி, இரண்டே வருடத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. டாக்டர்கள் கையை விரித்தார்கள். அதன் பிறகு ஊரில் பெரிய மாமா வீட்டில் ஒரு நாற்காலிதான் அவர் உலகம். காலையில் யாராவது கைபிடித்துக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். சாயங்காலம் யாருக்காவது ஞாபகம் வந்தால் எழுப்புவார்கள்.

அப்பாதான் அவருக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மகாபலிபுரம் போகும் சாலையில் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. பிள்ளைகளுக்கு வித்தை காட்டவும் கற்றுக்கொடுக்கவும் அங்கேயே தங்கக்கூடிய ஆளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியின் தாளாளர் எங்கள் டவுன்ஷிப் கிளப்பின் பொங்கல் விழாவுக்கு வருவதாக இருந்தார். அப்பா ஊருக்கே போய் மாமாவைக் கூட்டிவந்துவிட்டார்.

“அவருக்குப் புடிச்சிட்டா ஒனக்கு ஒரு வேலை, தனியா ஒரு ரூமு. அப்பால எவன் வூட்டு நாற்காலியும் வோணாம் மச்சான்” என்றார்.

மாமா எங்களோடு ஒரு மாதம் தங்கினார். சீட்டுக்கட்டின் ஓரங்களில் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளி வைத்தார். நான் எந்தச் சீட்டை நீட்டினாலும் விரலால் ஒருமுறை தடவிவிட்டு “இஸ்பேட் ராஜா” என்பார். கயிறு, மோதிரம், கைக்குட்டை எல்லாம் அவர் கை மறக்காமல் வைத்திருந்தது. ஆனால் முக்கியமான வித்தை ஒன்றை என்னை வைத்துத்தான் கட்டினார்.

“நீ ஜனங்கோ நடுவுல போயி ஒரு சாமான வாங்கி கைல வெச்சிக்கோ. இது இன்னான்னு என்னாண்ட கேளு. நான் மேடைலயிருந்து சொல்லிடுவேன்.”

“எப்படி மாமா?”

“நீ கேக்கற மொத வார்த்ததான் பாப்பா எனக்குக் கண்ணு.”

கேள்வி “சொல்லுங்க” என்று தொடங்கினால் பேனா. “மாமா” என்று தொடங்கினால் சாவி. “எங்க” என்றால் மோதிரம். “இன்னா” என்றால் வாட்ச், “என்ன” என்றால் மூக்குக்கண்ணாடி. “ஒங்கம்மாவோட ரெண்டு தமிழயும் வித்தைக்கு இஸ்துக்கினேன் பாரு” என்று சொல்லிச் சிரித்தார். பார்வை போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒத்திகையில் நாங்கள் ஒருமுறைகூடத் தப்பு செய்யவில்லை.

விழா அன்று மாமா அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். கயிற்றை வெட்டி ஒட்டினார். சீட்டைத் தடவிச் சொன்னார். கைதட்டல் பலமாகவே இருந்தது. முன்வரிசையில் தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா ஓரத்தில் நின்றுகொண்டு, தானே வித்தை காட்டியதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து என் முறை. பேனா சரியாக வந்தது. சாவியும் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தன் வாட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் பக்கத்தில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெயர் வைத்த அதே வகுப்புக்காரி. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மாமா இது?” என்றேன்.

“மூக்குக்கண்ணாடி” என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல்.

கூடம் சிரித்தது. “பாவம், கண்ணு தெரியாதவருக்குக் கண்ணாடி நெனப்பு” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு இரட்டிப்பானது.

மாமாவின் முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருந்தது. நான் நின்ற பக்கம் திரும்பினார்.

“இன்னொரு தபா கேளு பாப்பா.”

ஒரு சொல்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். அது நாக்கு நுனியில் இருந்தது, வீட்டில் நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். அவள் இன்னும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் போலத் திருத்தமாக, முன்னைவிடச் சத்தமாகக் கேட்டேன்.

“என்ன மாமா இது?”

மாமா கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தெரியல” என்றார்.

பிறகு சத்தம் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அப்பா மேடையேறிக் கைபிடித்து இறக்கினார். தாளாளர் நல்ல மனிதர். “நல்லாத்தான் பண்ணினார் சார். ஆனா பிள்ளைங்க முன்னால இப்படி ஆச்சுன்னா அவருக்குத்தானே கஷ்டம்” என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, காபி வருவதற்குள் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாடா ஆச்சு? நல்லாத்தான போய்கினு இருந்துச்சு?”

நான் கதவு மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான்தாங்கா மறந்து பூட்டேன்” என்றார் மாமா. “கொயந்த சரியாத்தான் கேட்டா.”

அப்பாடா என்றிருந்தது. வாசலில் செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது யாரென்று சொல்கிறவருக்கு, இந்த ஒரு வித்தியாசம் காதில் விழாமல் போனது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரண்டு வடை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மாமாவை ஊருக்கு பஸ் ஏற்றிவிடப் போனோம். எப்போதும் என்னைக் கண்டால் “இன்னா பாப்பா, துன்னியா?” என்பதுதான் அவர் வழக்கம். அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, என் தலையைத் தடவித் தேடித் தொட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

“என்ன பாப்பா, சாப்பிட்டாயா?”

அம்மாவிடம், “வரேங்கா, வூட்டப் பாத்துக்கோ” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மாமா போய்ச் சேர்ந்தார். நான் ஊருக்குப் போனபோதெல்லாம் என்னிடம் மட்டும் அப்படித்தான் பேசினார். ஒருமுறைகூட வாய் தவறவில்லை.

அன்று பஸ் கிளம்பிப் போனதும் நேராகப் பள்ளிக்கூடம் போனேன். பெயர் வைத்தவளைத் தேடிப்பிடித்து, மற்றவர்களுக்கும் கேட்கும்படி பெருமையாகச் சொன்னேன்.

“எங்க மாமாகூட இப்ப நல்லாப் பேசக் கத்துக்கிட்டார், தெரியுமா?”