முதல் முழுக்கு

கடவுள் ஒருவர்தான் என்று சொல்வதற்காகவே தொடங்கிய சபை இன்று இரண்டாக இருக்கிறது. இரண்டும் ஒரே தெருவில், எதிரும் புதிருமாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பக்கத்து ஒலிபெருக்கியும் கடவுள் ஒருவரே என்று வெவ்வேறு ராகத்தில் பாடும்போது, நடுவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். இதற்கெல்லாம் காரணம் என் சித்தி என்று எதிர்ப்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நான் சித்தி கட்சி. நடுநிலையான வரலாறு வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தி ஒரு திரைச்சீலைக் கடையில் தையல்காரி. பதினெட்டு வயதில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், அறுபதுக்கு மேல்தான் எழுந்தாள். ஜன்னலைக் கண்ணால் பார்த்தே அகலம் சொல்வாள். டேப் வைத்துப் பார்த்தால் ஒரு விரல்கடை மாறாது. கல்யாணத்துக்கு முன்னால் சித்தப்பாவையும் அப்படித்தான் அளந்திருக்கிறாள். "ஆள் கொஞ்சம் குட்டை, வாய் கொஞ்சம் நீளம். சமாளிச்சுக்கலாம்க்கா" என்று என் அம்மாவிடம் சொன்னாளாம். அக்கா தங்கை இரண்டே பேர். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால், சித்திக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, வேலையில் சேர்த்து, கல்யாணமும் செய்துவைத்தவள் என் அம்மாதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நடந்தது புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை ஒன்று இருக்கும். உதிரி பாகம் வந்து சேரும்வரை அங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் தூங்குவார்கள். இவர் வேதாகமம் படித்தார். இவரும் தூங்கியிருந்தால் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்பது வருடம் படித்துவிட்டு ஒரு முடிவோடு கீழே இறங்கி வந்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்கள் கிடையாது. இருப்பவர் ஒரே ஆள். எனவே ஞானஸ்நானமும் இயேசு என்ற ஒரே நாமத்தில்தான் கொடுக்க வேண்டும். மூன்றையும் சொல்லி முழுக்கினால் அது செல்லாது, வெறும் குளியல்.

எனக்கு அப்போது பத்து வயது. என்னையே உட்காரவைத்து விளக்கினார்.

"மூணு பேர்னு எவன் சொன்னது? நான் வேலையில மெக்கானிக், வீட்ல புருஷன், உனக்குச் சித்தப்பா. அதுக்காக உங்க சித்தி மூணு தட்டா வெக்கிறா?"

அடுப்படியிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "தட்டு ஒண்ணுதான். திங்கிறதுதான் மூணு ஆளு சாப்பாடு."

அவர்கள் போய்க்கொண்டிருந்த பெரிய சபையில், நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று போதகரிடம் இதைக் கேட்டார். மூவரும் ஒருவராக இருப்பது மனித அறிவுக்கு எட்டாத ரகசியம் என்றார் போதகர். "ஒரு லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு கேக்குறீங்க. அது ரகசியம்னு நான் சொன்னா நீங்க அதுல ஏறுவீங்களா ஐயா?" என்றார் சித்தப்பா. பாடகர் குழுவில் யாரோ சிரித்துத் தொலைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் உறுப்பினர் பட்டியலில் சித்தப்பாவின் பெயர் இல்லை.

சித்தியின் பெயர் இருந்தது. அவளே நேரில் போய், "அவரு பேரை அடிச்ச பேனாவைக் கொண்டாங்க, என் பேரையும் அடிச்சிடுங்க" என்று சொல்லி வெட்டவைத்துவிட்டு வந்தாள். கொள்கை காரணமா என்று வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "ஒண்ணோ மூணோ, அதெல்லாம் எனக்கென்னடி தெரியும்? இந்த மனுஷனைத் தனியா விட்டா வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்குவாரு" என்றாள்.

புதிய சபை ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, அவர்கள் வீட்டு முன்னறையில் தொடங்கியது. மொத்தம் ஏழு பேர். சித்தப்பா, சித்தி, ஜெராக்ஸ் கடைக்காரர், அவர் மனைவி, சலூன்காரர், ஒரு நர்ஸம்மா, நர்ஸம்மாவின் மாமியார். ஏழு பேருமே முன்பு மூன்று பெயர் சொல்லி முழுகியவர்கள் என்பதால் ஏழு பேருடையதும் செல்லாது. எல்லோரும் மறுபடி முழுக வேண்டும். யார் முழுக்குவது? விதி எழுதுவதென்றால் சாப்பாட்டை மறக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் விதியை எழுதினார்: ஒரே நாமத்தில் முழுகியவர் மட்டுமே இன்னொருவரை முழுக்கலாம். அருமையான விதி. அப்படி ஒருவர் அந்த ஊரிலேயே கிடையாது.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். சித்தப்பா ஒரே ஒருவரை மட்டும் முழுக்குவது. அந்த ஒரு தடவைக்கு விதிவிலக்கு, ஆனால் வார்த்தை பிசகக்கூடாது. முழுகிய அந்த ஆள் சித்தப்பாவை முழுக்குவது. பிறகு சித்தப்பா மற்றவர்களை. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் முதலில் இறங்க ஆள் இல்லை. நல்ல குளிர்காலம். "நகருங்க, நான் எறங்குறேன். நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள தண்ணி பாசி புடிச்சிடும்" என்றாள் சித்தி.

மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மேல்பாகத்தை சித்தப்பா ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார். முழுக்கு அங்கியைச் சித்தியே தைத்தாள். தண்ணீரில் அங்கி குடைபோல மேலே எழும்பி மானத்தை வாங்கும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. திரைச்சீலையின் அடிமடிப்பில் தொங்கலுக்காக வைக்கும் சின்ன ஈயத் துண்டுகளை அங்கியின் அடியிலும் வைத்துத் தைத்தாள். இன்றுவரை இரண்டு சபையிலும் அங்கிக்கு ஈயம்தான். அந்த விஷயத்தில் பிளவே இல்லை.

சித்தி தொட்டிக்குள் இறங்கினாள். தண்ணீர் ஏற்றும் மோட்டார் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து பேரும் காற்றுக்குப் பயந்து மாடிப்படிக் கதவோரம் துண்டோடு நின்றார்கள். சித்தப்பா ஸ்டூல் மேல் ஏறி, சித்தியின் தலையில் கைவைத்து, வாயைத் திறந்தார். நாற்பது வருடமாகக் காதில் விழுந்து ஊறிப்போன வார்த்தைதான் வெளியே வந்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லி, மனைவியை ஒரே அமுக்காக அமுக்கி எடுத்தார்.

எதை எதிர்த்துச் சபை ஆரம்பித்தாரோ, அதைச் சொல்லியே ஆரம்பித்தார். மோட்டார் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. சித்திக்குக் கேட்டது. அடுத்து அவள் சித்தப்பாவை முழுக்கினாள். ஒரே நாமத்தைச் சுத்தமாகச் சொல்லித்தான் முழுக்கினாள். பிறகு சித்தப்பாவும் மற்ற ஐந்து பேருக்கும் தப்பில்லாமல் சொன்னார். ஆனால் அவர்கள் விதிப்படியே பார்த்தால் சித்தியுடையது செல்லாது. அவள் முழுக்கியதால் சித்தப்பாவுடையது செல்லாது. அவர் முழுக்கிய யாருடையதும் செல்லாது.

இதைச் சித்தி என்னிடம் சொன்னபோது இருபத்தாறு வருடம் ஓடியிருந்தது. "ஏன் சித்தி அப்பவே சொல்லல?" என்றேன்.

"வெளிய வந்து நடுங்கிட்டு நிக்கிறேன், அவரு மூஞ்சியைப் பார்த்தேன்டி. கல்யாணத்தன்னைக்குக் கூட அந்தச் சிரிப்பு சிரிக்கல. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டேன். சாயங்காலத்துக்குள்ள அஞ்சு பேரு ஆயிட்டாங்க. அடுத்த வாரம் ஒம்பது பேரு. அப்புறம் எங்க போய்ச் சொல்றது?"

ஒன்பது நாற்பதாயிற்று, நாற்பது நூறாயிற்று. வளர்ச்சிக்குப் பாதிக் காரணம் லிஃப்ட். இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் சித்தப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மோட்டார் அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி மெதுவாக இறக்கிக்கொண்டே, கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் கடவுள் ஒருவரே என்று விளக்குவார். உள்ளே இருப்பவர்கள் எங்கே ஓடுவது? பதினொரு குடும்பங்கள் அப்படி வந்து சேர்ந்தவை. முன்னறை போதாமல் கம்பளக் கிடங்கு ஒன்றைப் பிடித்தார்கள். நானூறு பேர். ஜெராக்ஸ் கடைக்காரர் செயலாளர் ஆனார், விதிகள் நாற்பத்தொன்று ஆயின. ஏழாவது விதி: மூன்று நாமத்தில் முழுகியவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம், ஆனால் ஆராதனையில் எல்லோரும் பகிர்ந்து உண்ணும் திருவிருந்து ரொட்டி அவர்களுக்குக் கிடையாது.

என் அம்மா பழைய சபையிலேயே இருந்தாள். பெரிய கொள்கை ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அவ்வளவுதான். பிறகு அவளுக்கு நுரையீரல் இறுகிப்போனது. மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர். இன்னும் சில வாரங்கள்தான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. "எனக்கு ஒரே ஒரு ஆசை. தங்கச்சி பக்கத்துல உக்காந்து ஒரு தடவை அந்த ரொட்டியைச் சாப்பிடணும்" என்றாள்.

அதற்கு அவள் முதலில் ஒரே நாமத்தில் முழுக வேண்டும். தண்ணீரில் முழுக்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைச் சபைக் குழுவின் முன் வைத்தோம். குழு ஜெபம் செய்தது, ஏழாவது விதியைப் படித்தது, முடியாது என்றது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, என் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "விதி விதிதானே அண்ணி" என்றார். "பரவாயில்ல தம்பி, பின்னாடியே உக்காந்துக்கறேன்" என்றாள் அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த சிலிண்டரைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். அன்று சாயங்காலம்தான் சித்தி என்னிடம் அந்த முதல் முழுக்குக் கதையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வா" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். கடைசி பெஞ்சில் அம்மா, பக்கத்தில் சிலிண்டர், அதன் பக்கத்தில் நான். மேடையில் மேஜை, தட்டில் ரொட்டி, கோப்பையில் திராட்சை ரசம். சித்தப்பா சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு தட்டைக் கையில் எடுத்தார். முதல் வரிசையிலிருந்து சித்தி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம். நான் இதைச் சாப்பிடக்கூடாது. என்னை மூணு பேர் சொல்லித்தான் முக்குனாரு. மோட்டார் ஓடிச்சு, உங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."

அவ்வளவுதான். திரும்பி, நானூறு பேர் நடுவே நடந்து வந்து, அம்மாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் விரல்விட்டு என்னவோ கணக்குப் பார்த்தார். "அப்போ ஐயாவுது... அப்போ என்னுது..." என்று எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் திரும்ப முழுகிட்டாப் போச்சு" என்றார் சலூன்காரர். "யாரு முழுக்குறது?" என்று நர்ஸம்மா கேட்டார். முழுக்கத் தகுதியுள்ள ஆள் அந்தக் கூரைக்குக் கீழே ஒருவரும் இல்லை. பிறகு சபை இரண்டானது அந்தக் கேள்வியில்தான்.

சித்தப்பா மேடையிலிருந்து இறங்கினார். தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல், நடுவழியாக வந்து சித்தியின் முன்னால் நின்றார். மைக் போட்டிருப்பதை மறந்துவிட்டார். அதனால் அவர் மெதுவாகச் சொன்னது கிடங்கு முழுக்கக் கேட்டது.

"நான் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலைன்னு நெனச்சேன்."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்படி ஒருவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சேவா எங்கக்காவை இங்க உக்கார வெச்சீங்க?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்கு? கடவுளுக்கா?"

"இவங்களுக்கு" என்று சித்தப்பா திரும்பாமலேயே பின்னால் கை காட்டினார். "நானூறு பேரு."

"நானூறு பேருக்குப் பயந்து, மூச்சு விட முடியாதவளைத் தள்ளி வெச்சீங்களா? என்னைத் தூக்கி வளர்த்தவ இவ."

சித்தப்பாவுக்குக் கண்ணீர் வழிந்தது. அவர்மேல் இருந்த ஆத்திரம் எனக்குப் போகவில்லை. ஆனாலும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"தம்பி, கையில என்ன?"

"ரொட்டி, அண்ணி."

"கொண்டாங்க. மூச்சு இருக்கறப்பவே சாப்பிட்டுடறேன். சண்டையை நீங்க வீட்டுல போய்ப் போட்டுக்கங்க."

தட்டை அவரே குனிந்து நீட்டினார். அம்மா ஒரு துண்டை எடுத்தாள். அதைப் பிய்க்க விரலில் வலு இல்லை. இரண்டு முறை முயன்று பிய்த்தாள். பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் தங்கையின் வாயில் வைத்தாள். சித்தி தேம்பித் தேம்பி மென்றாள்.

"அழாம மெல்லுடி, புரையேறும்" என்றாள் அம்மா.